கேட்காத ஒலியைக் கேட்கும் மூளை: சொல்லறிதல் ஆய்வின் வரலாறு

முன்னுரை

சொல்வதெழுதுதல் நடத்தாத ஆசிரியர் இருக்க முடியாது. நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் வகுப்பறைச் சன்னல் நெடுஞ்சாலையைப் பார்த்து இருந்தது. ஒரு நாள் லாரி கடந்து செல்லும் நேரத்தில் ‘மடல்’ என்ற சொல்லைச் சொன்னேன். முன்வரிசைப் பிள்ளைகள் சரியாக எழுதினார்கள். பின்வரிசையில் சிலர் ‘கடல்’ என்றும், சிலர் ‘உடல்’ என்றும் எழுதியிருந்தார்கள். அடுத்த லாரியின் இரைச்சலுக்கு நடுவே, குரலை உயர்த்தாமல், “நண்பனுக்கு மடல் எழுதினான்” என்றேன். இப்போது எல்லோரும் சரியாக எழுதினார்கள். பின்வரிசைச் சிறுமி ஒருத்தி, “இப்பத்தான் டீச்சர் தெளிவாச் சொல்றீங்க” என்றாள்.

நான் தெளிவாகச் சொல்லவில்லை. அதே குரல், அதே இரைச்சல். கூடியது இரண்டு சொற்கள் மட்டுமே. ஆனால் அந்தச் சிறுமிக்குச் சொல் தெளிவாகக் கேட்டது. அவள் சொன்னது உண்மையா? சூழல் அவளுடைய கேட்டலையே மாற்றியதா? அல்லது அரைகுறையாகக் கேட்டதை வைத்துச் சரியாக ஊகித்துவிட்டு, தெளிவாகக் கேட்டதாக எண்ணிக்கொண்டாளா?

மிக எளியதாகத் தோன்றும் இந்தக் கேள்வியை அறிஞர்கள் நூறாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறார்கள். அந்த ஆய்வின் வரலாற்றை இக்கட்டுரையில் காண்போம்.

சிக்கல் எங்கே இருக்கிறது?

அச்சிட்ட பக்கத்தில் சொற்களுக்கு இடையே வெற்றிடம் உண்டு. பேச்சில் அப்படி இல்லை. நாம் பேசும்போது ஒரு சொல்லின் இறுதி அடுத்த சொல்லின் முதலோடு கலந்து, ஒலி ஓர் ஓடையைப் போலத் தொடர்ந்து செல்கிறது. பழக்கமில்லாத மொழியைக் கேட்கும்போது அதைப் பேசுபவர்கள் மிக வேகமாகப் பேசுவதாக நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். சொற்கள் எங்கே பிரிகின்றன என்பது நமக்குத் தெரிவதில்லை.

இரண்டாவது சிக்கல், ஒரே எழுத்தின் ஒலி எப்போதும் ஒரே மாதிரி இருப்பதில்லை என்பது. அமெரிக்காவின் ஹாஸ்கின்ஸ் ஆய்வகத்தில் ஆல்வின் லிபர்மனும் அவருடைய குழுவினரும் 1950-களில் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். பார்வையற்றோருக்காக, அச்செழுத்தை ஒலியாக மாற்றும் கருவியை உருவாக்கும் முயற்சியிலிருந்து வளர்ந்தது அவர்களுடைய ஆய்வு. எழுத்துக்கு ஓர் ஒலி என்று வைத்துவிட்டால் போதும் என்ற எண்ணம் அங்கே தோற்றது. ஒரே மெய்யொலி, அடுத்து வரும் உயிரொலியைப் பொறுத்து வேறு வேறு ஒலி வடிவம் கொள்கிறது. வாய் ஓர் ஒலியை முடிக்கும் முன்பே அடுத்த ஒலிக்குத் தயாராகிவிடுவதுதான் இதற்குக் காரணம்.

ஆக, காதுக்கு வந்து சேர்வது வரிசையாக அடுக்கிய எழுத்துகள் அல்ல. கலந்து குழைந்த ஓர் ஒலி. அதற்கு மேல் இரைச்சல், இருமல், தூரம், பேசுபவரின் அவசரம். இத்தனைக்கும் நடுவில் நாம் சொற்களைத் தடையின்றிப் புரிந்துகொள்கிறோம் என்பதே வியப்பு.

தொடங்கி வைத்த ஆசிரியர்: வில்லியம் பாக்லி

இந்த வரலாறு ஓர் ஆசிரியரிடமிருந்து தொடங்குகிறது. வில்லியம் சாண்ட்லர் பாக்லி 1874-இல் அமெரிக்காவில் பிறந்தவர். பட்டம் பெற்றதும் மிச்சிகன் மாநிலத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் ஆசிரியரானார். பிள்ளைகளின் மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிவியல் முறையில் கற்க விரும்பி மேற்படிப்புக்குச் சென்றார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் புகழ்பெற்ற உளவியலாளர் எட்வர்ட் டிட்சனரின் ஆய்வகத்தில் 1900-இல் முனைவர் பட்டம் பெற்றார். பேசப்பட்ட வாக்கியத்தை மனம் எப்படி உள்வாங்குகிறது என்பதே அவருடைய ஆய்வுப் பொருள்.

எடிசன் 1877-இல் கண்டுபிடித்த ஃபோனோகிராஃப் கருவிதான் பாக்லியின் முதன்மைச் சாதனம். அதன் மெழுகு உருளைகளில் அவர் சொற்களைப் பதிவு செய்தார். ஆனால் முழுச் சொற்களை அல்ல. வேண்டுமென்றே ஒரு மெய்யொலியை விட்டுவிட்டுச் சொன்ன சொற்களை. பேசுபவர் ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி சொல்லிவிடலாம். கருவி அப்படிச் செய்யாது. அதனால் எல்லாக் கேட்பவர்களுக்கும் ஒரே ஒலியைக் கொடுக்க முடிந்தது. இன்று இது சாதாரணமாகத் தெரியலாம். அன்றைக்கு இது புதிய வழி.

அவர் கண்டவற்றுள் இரண்டு முக்கியமானவை. முதலாவது, குறைபட்ட சொல்லைத் தனியாகக் கேட்டபோது தடுமாறியவர்கள், அதையே வாக்கியத்துக்குள் கேட்டபோது பெரும்பாலும் சரியாக அறிந்தார்கள். இரண்டாவது, சொல்லின் தொடக்கத்தில் ஒலி விடுபட்டால் அடையாளம் காண்பது கடினமானது. இறுதியில் விடுபட்டால் அவ்வளவு பாதிப்பு இல்லை. என் வகுப்பின் ‘மடல்’ முதலெழுத்தில்தான் சிதைந்தது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம்.

பாக்லி இதன் பிறகு பேச்சு ஆய்வைத் தொடரவில்லை. ஆசிரியர் கல்விக்குத் திரும்பினார். வகுப்பறை மேலாண்மை பற்றியும் கற்பித்தல் பற்றியும் நூல்கள் எழுதினார். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பல ஆண்டுகள் பேராசிரியராக இருந்தார். பி.எட். படித்தவர்கள் கல்வித் தத்துவப் பாடத்தில் அவர் பெயரைப் படித்திருப்பார்கள். ஆனால் அவருடைய ஃபோனோகிராஃப் ஆய்வைப் பின்வந்தவர்கள் ஏறத்தாழ மறந்தே போனார்கள்.

சூழலை வெளியேற்றிய தொலைபேசிப் பொறியாளர்கள்

அடுத்த சில பத்தாண்டுகளில் இந்தக் கேள்வி உளவியலாளர்களிடமிருந்து பொறியாளர்களிடம் போய்ச் சேர்ந்தது. தொலைபேசிக் கம்பிகள் நகரங்களை இணைத்துக்கொண்டிருந்த காலம் அது. கம்பி வழியே பேச்சு எவ்வளவு தெளிவாகப் போகிறது என்று அளக்க வேண்டியிருந்தது.

வாக்கியங்களைப் பேசி அளந்தால், கேட்பவர் விடுபட்டதைத் தானே நிரப்பிக்கொள்வார். கம்பியின் குறை தெரியாமல் போகும். ஆகவே 1910-இல் ஜார்ஜ் கேம்பெல் என்ற பொறியாளர் பொருளற்ற அசைகளைக் கொண்டு தொலைபேசியைச் சோதித்தார். பின்னர் பெல் ஆய்வகத்தில் ஹார்வி ஃபிளெட்சர் இம்முறையைப் பெரிய அளவில் வளர்த்தார். ஒருவர் பொருளற்ற அசைகளை வாசிப்பார். மறுமுனையில் இருப்பவர் கேட்டதை எழுதுவார். எத்தனை சரி என்று கணக்கிடுவார்கள். இந்த ஆய்வுகளைத் தொகுத்து ஃபிளெட்சர் எழுதிய நூல் 1929-இல் வெளிவந்தது.

பொறியாளர்களின் நோக்கத்துக்கு இது சரியான வழிதான். ஆனால் இதில் ஒரு முரண் உண்டு. மனிதன் பேச்சை எப்படிப் புரிந்துகொள்கிறான் என்பதன் மையமாக எதை பாக்லி கண்டாரோ, அதையே அளவீட்டைக் கெடுக்கும் ஒன்றாகக் கருதி இவர்கள் வெளியே தள்ளினார்கள். இருந்தாலும் அவர்களுடைய எண்களே சூழலின் வலிமைக்குச் சான்றாயின. அசைகளில் கணிசமான பகுதி தவறாகக் கேட்கும் கம்பியிலும் வாக்கியங்கள் ஏறக்குறைய முழுமையாகப் புரிந்தன.

போர்க்கால இரைச்சலும் ஜார்ஜ் மில்லரும்

இரண்டாம் உலகப்போர் இந்த ஆய்வுக்கு அவசரத்தைக் கொடுத்தது. போர் விமானத்தின் எஞ்சின் இரைச்சலில் வானொலி வழியே வரும் கட்டளை தவறாகக் கேட்டால் உயிர் போகும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் நினைவு மண்டபத்தின் அடித்தளத்தில் ஸ்டீவன்ஸ் என்பவரின் தலைமையில் ஒலி உளவியல் ஆய்வகம் ஒன்று இயங்கியது. அங்கே பணியாற்றிய இளைஞர் ஜார்ஜ் மில்லர், எதிரியின் வானொலிப் பேச்சை எந்த வகை இரைச்சலால் குலைக்கலாம் என்று ஆராய்ந்தார். இதுவே அவருடைய 1946-ஆம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வு.

பேச்சைக் குலைக்கும் வழியை ஆராய்ந்தவர், பேச்சு எவ்வளவு எளிதில் குலைவதில்லை என்பதையும் கண்டார். கிளாட் ஷானன் 1948-இல் தகவல் கோட்பாட்டை வெளியிட்டதும் மில்லருக்கு ஒரு புதிய பார்வை கிடைத்தது. ஒரு செய்தி எவ்வளவு தகவல் தருகிறது என்பது, அதற்குப் பதிலாக வேறு எத்தனை செய்திகள் வந்திருக்கக்கூடும் என்பதைப் பொறுத்தது என்றது அக்கோட்பாடு. அப்படியானால், அடுத்து வரக்கூடிய சொற்கள் எவ்வளவு குறைவோ அவ்வளவு எளிதாகச் சொல் கேட்க வேண்டும் அல்லவா?

மில்லரும் ஹைஸ், லிக்டன் என்ற இருவரும் 1951-இல் இதைச் சோதித்தார்கள். இரைச்சலின் நடுவே சொற்களைக் கேட்க வைத்தார்கள். வரப்போகும் சொல் இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று என்று தொடங்கி, 256-இல் ஒன்று என்றும் அதற்கு மேலும் பட்டியல் விரிந்தது. பட்டியல் நீள நீள, அதே இரைச்சலில் கேட்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. பாதி விடைகள் சரியாக வருவதற்கு, எண்களை வாசித்தபோது பேச்சு இரைச்சலைவிட 14 டெசிபல் தாழ்ந்திருந்தாலும் போதுமானதாக இருந்தது. வாக்கியத்தில் அமைந்த சொற்களுக்கு 4 டெசிபல் தாழ்வு வரை தாங்கியது. பொருளற்ற அசைகளுக்கோ பேச்சு இரைச்சலைவிட 3 டெசிபல் உயர்ந்திருக்க வேண்டியிருந்தது. எண்களுக்கும் அசைகளுக்கும் உள்ள இந்த 17 டெசிபல் வேறுபாடு, ஒலி ஆற்றலில் ஏறத்தாழ 50 மடங்கு.

இந்த முடிவின் பொருள் ஆழமானது. ‘ஐந்து’ என்ற சொல் எவ்வளவு தெளிவாகக் கேட்கும் என்பது அச்சொல்லின் ஒலியில் மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக வேறு என்ன வந்திருக்கக்கூடும் என்ற கேட்பவரின் அறிவிலும் இருக்கிறது. விமானிகள் இன்றும் எழுத்துகளை ‘ஆல்ஃபா, பிராவோ, சார்லி’ என்று சொல்வது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1956 முதல் நடைமுறையில் உள்ள இந்தப் பட்டியலில் 26 சொற்களே உண்டு. அவை ஒன்றோடொன்று குழம்பாதவை. கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்தவை.

வெட்டி எடுத்த சொற்கள்

அன்றாடப் பேச்சில் நாம் சொற்களை அவ்வளவு தெளிவாகவா உச்சரிக்கிறோம்? 1960-களின் தொடக்கத்தில் இர்வின் பொல்லாக், பிக்கெட் என்ற இரு ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைச் செய்தார்கள். இயல்பான உரையாடலைப் பதிவு செய்து, ஒலிநாடாவிலிருந்து சொற்களைத் தனித்தனியே எடுத்துப் போட்டுக் காட்டினார்கள். இரைச்சல் எதுவும் இல்லை. ஆயினும் கேட்டவர்களால் ஏறத்தாழ பாதிச் சொற்களையே அடையாளம் காண முடிந்தது. முன்னும் பின்னும் உள்ள சில சொற்களையும் சேர்த்துப் போட்டபோது தெளிவு கூடிக்கொண்டே போனது.

உரையாடலில் முழுத் தெளிவோடு கேட்ட சொல், தனியே எடுத்தால் வெறும் முணுமுணுப்பு. சூழல் என்பது இரைச்சல் வந்தால் மட்டும் நாம் எடுத்துக்கொள்ளும் ஊன்றுகோல் அல்ல. அமைதியான அறையில் நடக்கும் சாதாரணப் பேச்சும் அதன் மேல்தான் நிற்கிறது.

சூழல் என்பது பொருள் மட்டுமல்ல, பேசுபவரின் குரலும்தான் என்பதை 1957-இல் பீட்டர் லேடிஃபோகெடும் டொனால்ட் பிராட்பென்ட்டும் காட்டியிருந்தார்கள். ஒரே சொல்லைப் பதிவு செய்து, அதற்கு முன் வரும் வாக்கியத்தின் குரல் தன்மையை மட்டும் மாற்றினார்கள். சொல்லின் ஒலி சிறிதும் மாறவில்லை. ஆனால் ஒரு குரலுக்குப் பின் அதை ஓர் உயிரொலியோடும், வேறு குரலுக்குப் பின் அதையே இன்னோர் உயிரொலியோடும் கேட்டார்கள்.

இருமல் மறைத்த எழுத்து

1970-இல் ரிச்சர்ட் வாரன் செய்த சோதனை இத்துறையில் மிகவும் பெயர் பெற்றது. மாநில ஆளுநர்கள் சட்டமன்றங்களைச் சந்தித்தது பற்றிய ஓர் ஆங்கில வாக்கியத்தை அவர் பதிவு செய்தார். அதில் சட்டமன்றங்களைக் குறிக்கும் ‘லெஜிஸ்லேச்சர்ஸ்’ என்ற சொல்லின் நடுவே வரும் முதல் ‘ஸ்’ ஒலியை நாடாவிலிருந்து முழுமையாக நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். பிறகு 20 பேருக்குப் போட்டுக் காட்டி, ஏதாவது ஒலி விடுபட்டிருக்கிறதா என்று கேட்டார்.

19 பேர் எதுவும் விடுபடவில்லை என்றார்கள். எஞ்சிய ஒருவர் விடுபட்டதாகக் கூறிய ஒலியும் தவறானது. இருமல் கேட்டதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அது வாக்கியத்தில் எந்த இடத்தில் வந்தது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இல்லாத ‘ஸ்’ அவர்களுக்கு மற்ற ஒலிகளைப் போலவே கேட்டது. அதே இடத்தை இருமல் இல்லாமல் வெறும் அமைதியாக விட்டபோது மட்டும் இடைவெளியைக் கண்டுகொண்டார்கள். ஒலியை மறைக்கக்கூடிய ஏதோ ஒன்று அங்கே இருந்தால்தான் மூளை நிரப்புகிறது, காரணமின்றி நிரப்புவதில்லை.

வாரன் தம்பதியர் அடுத்து, விடுபட்ட ஒலிக்குப் பின்னால் வரும் சொல்லும் அதை நிரப்புமா என்று பார்த்தார்கள். தமிழில் அதைப் போன்ற எடுத்துக்காட்டு ஒன்றை நாமே அமைத்துப் பார்க்கலாம். ‘டல்’ என்பதற்கு முன் ஓர் இருமல். பிறகு “இளைத்துவிட்டது” என்று முடித்தால் ‘உடல்’. “பொங்கி எழுந்தது” என்று முடித்தால் ‘கடல்’. “எழுதினான்” என்று முடித்தால் ‘மடல்’. ஆங்கிலத்தில் அவர்கள் கண்டதும் இத்தகையதே. வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் மாற்றியபோது, முன்பே கடந்துபோன அதே சிதைந்த சொல் சக்கரமாகவும், குதிகாலாகவும், பழத்தோலாகவும், உணவாகவும் கேட்டது. மூளை ஒலியைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்து, பின்வரும் சொல்லைப் பார்த்துத் தீர்மானிக்கிறது.

கேட்டலா, ஊகமா?

இப்போது என் மாணவியின் கேள்வி கூர்மையாக எழுகிறது. வாரனின் சோதனைக்கு வந்தவர்கள் உண்மையிலேயே அந்த ஒலியைக் கேட்டார்களா? கேட்டதாக முடிவு செய்துகொண்டார்களா?

1980-இல் வில்லியம் கேனாங் இதற்கு ஒரு வழி கண்டார். ‘வண்டி’ என்பதில் வரும் அதிரும் டகரத்துக்கும், ‘வட்டி’ என்பதில் வரும் அதிராத டகரத்துக்கும் இடைப்பட்ட ஒலிகளை எண்ணிக் கொள்வோம். இப்படி இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மயக்க ஒலியை அவர் ஆங்கிலச் சொற்களின் முதலில் வைத்தார். அதிரும் டகரத்தோடு சேர்ந்தால்தான் பொருளுள்ள சொல்லாகும் என்ற இடத்தில் கேட்பவர்கள் அதை அதிரும் ஒலியாகக் கேட்டார்கள். அதிராத டகரத்தோடு சேர்ந்தால்தான் சொல்லாகும் என்ற இடத்தில் அதே ஒலியை அதிராததாகக் கேட்டார்கள். ஆனால் ஒலி ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருந்தபோது, சொல் அதை எளிதில் புரட்டிவிடவில்லை.

அடுத்த ஆண்டு ஆர்தர் சாமுவேல் வாரனின் முறையைச் செம்மைப்படுத்தினார். சில சொற்களில் ஒலியை நீக்கி அந்த இடத்தில் இரைச்சல் வைத்தார். சிலவற்றில் ஒலியை அப்படியே விட்டு அதன் மேல் இரைச்சல் சேர்த்தார். இரண்டையும் பிரித்தறிய முடிகிறதா என்று பார்த்தார். சொல்லறிவு இந்தப் பிரித்தறியும் திறனையே மாற்றியது. ஆனால் வாக்கியத்தின் பொருளோ, பிரித்தறியும் திறனை விட்டுவிட்டு, ஒலி இருந்ததாகச் சொல்லும் சாய்வைத்தான் மாற்றியது. அதாவது சொல் கேட்டலைத் தொடுகிறது. வாக்கியம் தீர்ப்பைத் தொடுகிறது என்று தோன்றியது.

இதே காலத்தில் வில்லியம் மார்ஸ்லன்-வில்சன், காதில் விழும் பேச்சை உடனுக்குடன் திருப்பிச் சொல்பவர்களை ஆராய்ந்தார். அவர்களுள் சிலர் கால் நொடி இடைவெளியில் திருப்பிச் சொன்னார்கள். அது ஏறத்தாழ ஓர் அசைக்குச் சற்று மேற்பட்ட நேரம்தான். அந்த வேகத்திலும் அவர்கள் செய்த பிழைகள் வாக்கியத்தின் இலக்கணத்துக்கும் பொருளுக்கும் பொருந்தியே இருந்தன. சொல் முடியும் வரை காத்திருந்து பிறகு பொருள் தேடுவதில்லை என்பது இதனால் தெரிந்தது. சொல்லின் முதல் ஒலிகள் விழுந்ததுமே அவ்வாறு தொடங்கும் சொற்கள் எல்லாம் மனத்தில் எழுகின்றன. ஒலியும் சூழலும் சேர்ந்து அவற்றைக் கழித்துக்கொண்டே வந்து ஒன்றை நிறுத்துகின்றன என்று அவர் கோட்பாடு வகுத்தார்.

சொல்லின் தொடக்கம் முக்கியம், சூழல் முக்கியம் என்ற இந்த இரு முடிவுகளும் நமக்குப் புதியவை அல்ல. ரொனால்ட் கோல், அலெக்ஸாண்டர் ருட்னிக்கி என்ற இருவர் 1983-இல் எழுதிய கட்டுரையில் இதைத்தான் சுட்டிக்காட்டினார்கள். பேச்சறிதல் துறையின் பல புதிய கண்டுபிடிப்புகளை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பாக்லி மெழுகு உருளையில் கண்டிருந்தார் என்றார்கள். மறக்கப்பட்ட அந்த ஆசிரியர் இப்படித்தான் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தார்.

முடிவுறாத விவாதம்

1986-இல் ஜேம்ஸ் மெக்லெலண்ட், ஜெஃப்ரி எல்மன் இருவரும் டிரேஸ் என்ற கணினி மாதிரியை உருவாக்கினார்கள். அதில் ஒலிகள் சொற்களைத் தூண்டும். தூண்டப்பட்ட சொற்கள் திரும்பவும் கீழே வந்து தமக்குரிய ஒலிகளைத் தூண்டும். இதன்படி, சூழல் கேட்டலையே மாற்றுகிறது.

டென்னிஸ் நோரிஸ், ஜேம்ஸ் மெக்வீன், ஆன் கட்லர் மூவரும் 2000-இல் இதை மறுத்தார்கள். மேலிருந்து கீழே செல்லும் தூண்டல் எப்போதும் தேவையில்லை என்பது அவர்களுடைய வாதம். ஒலி பற்றிய சான்றையும் சொல் பற்றிய சான்றையும் தனித்தனியே சேகரித்து, முடிவெடுக்கும் இடத்தில் ஒன்று சேர்த்தால் போதும். சொல்லே ஒலியைத் திருத்தத் தொடங்கினால், இல்லாததைக் கேட்கும் ஆபத்து வரும் அல்லவா என்று கேட்டார்கள். சாட்சி சொல்வதற்கு முன்பே நீதிபதி அவர் காதில் தீர்ப்பை ஓதிவிட்டால் அந்தச் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு? அந்தக் கேள்வியைப் போன்றது இது. இரு தரப்பினரும் ஒருவர் சோதனையை மற்றவர் வேறு விதமாக விளக்கினார்கள். விவாதம் நீண்டது.

மூளைக்குள் பார்த்தபோது

இதற்கிடையே மூளையின் மின் அலைகளை அளக்கும் முறை இத்துறைக்குள் நுழைந்தது. மார்த்தா குடாஸ், ஸ்டீவன் ஹில்யார்ட் இருவரும் 1980-இல், வாக்கியத்தின் கடைசியில் பொருந்தாத சொல்லைப் படிப்பவரின் மூளையில், அச்சொல் தோன்றி ஏறத்தாழ 400 மில்லிநொடியில் ஒரு தனி அலை எழுவதைக் கண்டார்கள். பின்னர் பேச்சைக் கேட்கும்போதும் இது எழுவது தெரியவந்தது. பேச்சில், சொல் முழுதும் முடியும் முன்பே இந்த வேறுபாடு தொடங்கிவிடுவதும் உண்டு. மூளை சொல்லுக்காகக் காத்திருப்பதில்லை. வழியிலேயே போய் எதிர்கொள்கிறது.

2016-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் மேத்யூ லியோனார்ட், எட்வர்ட் சாங் ஆகியோரின் குழு இன்னும் நெருக்கமாகப் பார்த்தது. வலிப்பு நோய்க்கான அறுவை சிகிச்சைக்காக மூளையின் மேற்பரப்பில் மின்முனைகள் பொருத்தப்பட்டிருந்த நோயாளிகள் இதற்கு உதவினார்கள். ‘ஃபாஸ்டர்’, ‘ஃபாக்டர்’ போன்ற, ஓர் ஒலியால் மட்டும் வேறுபடும் ஆங்கிலச் சொற்களை எடுத்து, அந்த ஓர் ஒலியை நீக்கி இரைச்சலை வைத்தார்கள். ஒரே ஒலிப்பதிவைச் சிலமுறை ‘ஃபாஸ்டர்’ என்றும் சிலமுறை ‘ஃபாக்டர்’ என்றும் அவர்கள் கேட்டார்கள்.

காதுக்கு மேலே, பொட்டுப் பகுதியில் உள்ள ஒலி உணரும் புறணி என்ன செய்தது? ‘ஃபாஸ்டர்’ என்று கேட்ட முறைகளில், உண்மையான ‘ஸ்’ ஒலி வந்தால் எப்படி இயங்குமோ அதைப் போன்றே இயங்கியது. அதுவும் இரைச்சல் ஒலித்த அந்த நேரத்திலேயே. பிறகு யோசித்து நிரப்பியதாகத் தெரியவில்லை. அதைவிட வியப்பானது இன்னொன்று. எந்தச் சொல்லாகக் கேட்கப் போகிறார் என்பதை, மூளையின் இடது முன்பகுதியின் இயக்கத்தைக் கொண்டு அந்த ஒலி வருவதற்கு முன்பே கணிக்க முடிந்தது.

இந்தச் சான்று, நிரப்புதல் கேட்கும் உறுப்பு வரை இறங்குகிறது என்ற பக்கம் சாய்கிறது. ஆயினும் முன்பகுதி அதை எவ்வழியாகச் செய்கிறது, எல்லாச் சூழலும் அவ்வளவு ஆழம் இறங்குமா என்பவை இன்றும் ஆய்வில் இருப்பவையே.

யாருக்கு உதவுகிறது, யாரை ஏமாற்றுகிறது?

1977-இல் கலிகோவ், ஸ்டீவன்ஸ், எலியட் ஆகியோர் இரைச்சலில் பேச்சறியும் திறனை அளக்கும் தேர்வு ஒன்றை அமைத்தார்கள். அதில் பாதி வாக்கியங்களின் கடைசிச் சொல்லை முன்னதிலிருந்து ஊகிக்கலாம். மீதிப் பாதியில் ஊகிக்க முடியாது. இந்த வகைத் தேர்வுகள் பல செய்திகளைத் தந்தன.

என் வயதை ஒத்தவர்களுக்கு உரியதை முதலில் சொல்கிறேன். முதியோர் காது மங்கினாலும் சூழலை இளையோரைவிட நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் இதற்கு விலை உண்டு. 1995-இல் பிச்சோரா-ஃபுல்லர் குழுவினர், இரைச்சலில் கேட்கப் பாடுபடும்போது கேட்டதை நினைவில் வைப்பது குறைகிறது என்று காட்டினார்கள். 2012-இல் ரோஜர்ஸ், ஜேக்கபி, சோமர்ஸ் மூவரும் வேறொன்றைக் காட்டினார்கள். சூழலுக்குப் பொருந்தும் சொல்லுக்குப் பதில் வேறு சொல் வந்தபோதும், முதியோர் பொருந்தும் சொல்லையே கேட்டதாக இளையோரைவிட அதிகமாக, அதுவும் மிகுந்த உறுதியோடு கூறினார்கள். “நீ அப்படித்தான் சொன்னாய்” என்று வீட்டில் எழும் சண்டைகளில் பெரியவர் பொய் சொல்வதில்லை. அப்படித்தான் அவருக்குக் கேட்டது.

குழந்தைகளின் நிலை வேறு. இதே தேர்வை லோயிஸ் எலியட் 9 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்கு 1979-இல் நடத்தியபோது, இரைச்சலில் 9 வயதினர் மூத்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். நிரப்புவதற்குச் சொல்வளமும் மொழிப் பழக்கமும் வேண்டும். அவை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இரண்டாம் மொழியை வளர்ந்த பின் கற்றவர்களும், அமைதியில் நன்றாகப் புரிந்துகொண்டாலும், இரைச்சலில் சூழலைத் தாய்மொழியாளர் அளவுக்குப் பயன்படுத்த முடிவதில்லை என்று 1997-இல் மேயோ குழுவினர் கண்டார்கள்.

வீட்டில் தமிழ் பேசி, வகுப்பில் ஆங்கிலத்தில் பாடம் கேட்கும் நம் பிள்ளையை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். மின்விசிறியின் சத்தம், பக்கத்து வகுப்பின் கூச்சல், சாலை இரைச்சல் இவற்றுக்கு நடுவே ஆசிரியருக்கு எல்லாம் தெளிவாகத்தான் கேட்கும். ஏனென்றால் அவருக்குப் பாடம் முன்பே தெரியும். பிள்ளைக்கு அந்தச் சூழல் இல்லை. “காதில் விழவில்லையா?” என்று நாம் அதட்டும்போது, உண்மையில் அவன் காதில் விழாமலே இருந்திருக்கலாம்.

முடிவுரை

பாக்லியின் மெழுகு உருளையிலிருந்து மூளை மேல் வைத்த மின்முனை வரை வந்த இந்த வரலாறு ஒன்றைச் சொல்கிறது. காது கொண்டுவருவது குறைபட்ட செய்தி. நாம் அறிந்த மொழியும் கேட்ட வாக்கியமும் சேர்ந்தே அதைச் சொல்லாக்குகின்றன. அந்தச் சேர்க்கை நமக்குத் தெரியாமலே நடப்பதால், முடிவில் கேட்பது தெளிவான சொல்லாகவே இருக்கிறது.

இந்த ஆய்வுகளைப் படித்த பிறகு, பணிக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் இரண்டு பழக்கங்களைக் கைக்கொண்டேன். புதுச் சொல்லைத் தனியாகச் சொல்லாமல் வாக்கியத்தில் வைத்துச் சொன்னேன். பாடம் தொடங்கும் முன் அதில் வரப்போகும் அருஞ்சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். இரைச்சலைக் குறைக்க என்னால் முடியவில்லை. பிள்ளைகளின் மனத்தில் இருக்கும் பட்டியலைச் சுருக்க முடிந்தது.

“இப்பத்தான் டீச்சர் தெளிவாச் சொல்றீங்க” என்று அந்தச் சிறுமி சொன்னபோது நான் சிரித்துக்கொண்டே அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன். அவள் தனக்குக் கேட்டதைத்தான் சொல்லியிருக்கிறாள்.